அரெக்கிப்பாவில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது

எனக்கு வயது எழுபத்தாறு. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, ஒன்று என் தமக்கை விட்டுப்போனது. சோறு போடும்போது அந்த வித்தியாசம் நான் பார்த்ததில்லை. ஒருத்தரும் பட்டினி கிடந்ததும் இல்லை, அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றதும் இல்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்லுகிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

படிப்பு எனக்குக் குறைவு. மன்னாரில் கன்னியாஸ்திரிமாருடைய பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் இருந்தேன். செபப்புத்தகம் வாசிப்பேன். எழுதுவேன், ஆனால் ஆறுதலாக, ஒவ்வொரு எழுத்தாக. அப்படிப்பட்ட நான் தென்னமெரிக்காவில் ஒரு யூனிவர்சிட்டித் தவணை முழுக்க இருந்து வந்தவள் என்று சொன்னால், இங்கே லண்டனில் எங்கள் கோயிலுக்கு வருகிற சனம் பூசை முடிந்த பிறகும் நின்று சிரிக்கிறது. சிரிக்கட்டும். போனது உண்மை.

படிக்கப் போனது நான் இல்லை, என் மூத்த மகனுடைய மகள். புவியியலும் ஸ்பானிஷ் மொழியும் படிக்கிறாள். மூன்றாம் வருசத்தில் ஒரு தவணை வெளிநாட்டில் போய்ப் படித்துவிட்டு வர வேண்டுமாம். அவளோடு படிக்கிற பிள்ளைகள் பாதிப்பேர் ஸ்பெயினை எடுத்தார்கள். இவள் பெரு நாட்டில் அரெக்கிப்பா என்கிற நகரத்தை எடுத்தாள். லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில், டிராம் நிறுத்தத்துக்குக் கிட்ட மகனுக்குக் கடை இருக்கிறது. கடையைப் பூட்டிவிட்டு வந்து சாப்பிட இருந்தவனிடம் இதைச் சொன்னாள்.

"ஸ்பெயினுக்குப் போனால் என்ன? ஏறி இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்க முன்னம் பிளேன் இறங்கிப்போடும்."

"நான் படிக்கிற மலை அங்க இல்லை அப்பா. மலையைப் படிபடியா வெட்டிப் பயிர் செய்யிற இடம் பாக்கோணும்."

"மலை பாக்கிறதெண்டால் நுவரெலியாவுக்குப் போ. சித்தப்பா நிக்கிறார்."

மருமகள் குசினிக்குள் இருந்தபடியே, "தனிய ஒரு பொம்பிளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பிப்போட்டு நான் இஞ்ச நித்திரை கொள்ளுறதோ?" என்றாள். பேத்தி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. மகன் பார்த்தான். நேரடியாக மாட்டேன் என்று சொன்னால் அழுவாள் என்று தெரியும். அதனால் ஒரு யுக்தி செய்தான்.

"சரி. அப்பம்மாவையும் கூட்டிக்கொண்டு போறதெண்டால் போ."

இரண்டு பேரும் மாட்டோம் என்று சொல்லுவோம், கதை முடிந்துவிடும் என்று நினைத்தான். நான் என் சோற்றுக் கோப்பையில் இருந்த மீன்முள்ளை ஒதுக்கி வைத்துவிட்டு, "ஓம், நான் போறன்" என்றேன். பேத்தி என்னைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். "ஓகே அப்பா" என்றாள். தன் வாயால் சொன்னதை அவனால் விழுங்க ஏலாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு கட்டளைகள் வந்தன. பிள்ளை ஒரு இரவும் வெளியில் தங்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் வீடியோவில் இரண்டு பேருடைய முகமும் தெரிய வேண்டும். எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறபடியால் மத்தியானம் போடுகிற மருந்துக் குளிசையோடு சூடான சாப்பாடு தவறக் கூடாது. நான் தலையாட்டினேன். மற்றப் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் பெட்டியோடு போயின. எங்கள் பிள்ளை பெட்டியோடும் அப்பம்மாவோடும் போனது. எங்கள் சனத்தைத் தவிர வேறு ஆருக்கும் இப்படி ஒரு யோசனை வராது.

அரெக்கிப்பா வடிவான ஊர். வெள்ளைக் கல்லால் கட்டின ஊர். எந்தத் தெருவில் நின்றாலும் தெரு முடிகிற இடத்தில் ஒரு எரிமலை நிற்கும். காலையில் குளிர், பத்து மணிக்கு வெயில் தலையைப் பிளக்கும். மேடான இடம் என்றபடியால் முதல் கிழமை எனக்கு எழும்பினால் தலைசுற்று. நாங்கள் வாடகைக்கு இருந்தது என் வயதை ஒத்த ஒரு விதவை அம்மாவின் வீட்டு மேல்மாடி. அவ கீழே தன் தம்பியோடு இருந்தா, இன்னும் இரண்டு படிக்கிற பையன்களும் இருந்தார்கள். மேலே அடுப்பு இல்லை. குசினி கீழேதான், அது அவவுடைய குசினி. ஒரு மூலை அடுப்பைப் பேத்திக்கு விட்டிருந்தா.

முதல் நாள் மத்தியானம் அந்த அம்மா மாடிப்படி ஏறி வந்து, கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டி, வந்து சாப்பிடச் சொன்னா. கீழேயிருந்து நல்ல வாசம் வந்தது. எனக்குப் பசி. ஆனால் எங்கள் முறை என்ன? கேட்ட உடனே ஓம் என்று சொன்னால் பஞ்சத்தில் அடிபட்டது என்று நினைப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர்கள் கொஞ்சமாக எடுங்கோ என்று சொல்ல வேண்டும். இப்பத்தான் சாப்பிட்டனான் என்று நாங்கள் ஒரு பொய் சொல்ல வேண்டும். அவர்கள் அதைக் காதில் வாங்காமல் கோப்பையில் போட்டுவிட வேண்டும். பிறகு சாப்பிடலாம். ஆகவே பேத்தி விமானத்தில் சொல்லித்தந்த இரண்டு சொல்லை எடுத்துவிட்டேன். "நோ, கிராசியாஸ்."

அவ தலையாட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டா.

அடுத்த நாளும் வந்தா. நானும் அதையே சொன்னேன். மூன்றாம் நாளும் அப்படித்தான். நாலாம் நாள் அவ வரவில்லை. எனக்குக் கோபம். "என்ன மனிசி இது? ஆளைக் கையில பிடிச்சு இழுத்து இருத்தத் தெரியாதோ?" என்று பேத்தியிடம் சொன்னேன். பேத்தி சிரித்தாள். "நீங்கள் வேண்டாம் எண்டால் அவ வேண்டாம் எண்டுதானே நினைப்பா அப்பம்மா" என்றாள். அப்படி நினைக்கிற உலகமும் இருக்கிறது என்று எனக்கு ஆர் சொன்னது?

அழைக்காமல் இன்னொரு பொம்பிளையின் குசினிக்குள் நுழைகிறவள் நான் இல்லை. அதனால் சமையல் பேத்தியின் தலையில் விழுந்தது. அவளுக்கு விடிய ஏழு மணிக்கே வகுப்பு. மத்தியானம் வகுப்பு விட்டதும் பஸ் பிடித்து ஓடி வருவாள், சோறும் ஒரு கறியும் வைப்பாள், நான் குளிசை போடுகிறதைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஓடுவாள். பின்னேரம் வந்து என்னோடு தமிழில் கதைத்துக்கொண்டு இருப்பாள். நான் என்ன நினைத்தேன்? பிள்ளை பத்திரமாக இருக்கிறாள், என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறாள், நான் வந்த வேலை சரியாக நடக்கிறது என்று நினைத்தேன்.

இப்படி இரண்டு மாசம் போன பிறகு, ஒரு நாள் வெங்காயம் வெட்டின கையோடு மேலே வந்தாள். கண் சிவந்திருந்தது. வெங்காயத்துக்கு அழுகிற கண்ணும் மற்ற அழுகையும் எனக்குத் தெரியாதா? ஆறு பேரை வளர்த்தவள்.

"என்னடி பிள்ளை?"

"ஒண்டுமில்லை அப்பம்மா. சாப்பிடுங்கோ."

"நீ சொல்லாட்டில் நான் குளிசை போடமாட்டன்."

அதற்குப் பிறகுதான் சொன்னாள். தவணையின் பெரிய மார்க்ஸ் எல்லாம் ஒரு மலைப் பயணத்தில் இருக்கிறதாம். பிள்ளைகள் குழுக்களாகப் பிரிந்து மலைக் கிராமங்களில் போய்த் தங்கி, அந்தப் படிக்கட்டு வயல்களைப் பார்த்து எழுத வேண்டுமாம். குழுவில் இல்லாவிட்டால் மார்க்ஸ் இல்லை. மார்க்ஸ் இல்லாவிட்டால் இந்தத் தவணை பெயில். இந்தத் தவணை பெயில் என்றால் லண்டனில் அந்த வருசமே போச்சு.

"அப்ப ஒரு குழுவில சேர்."

"ஒருத்தரும் என்னைச் சேர்க்கேல்லை."

"ஏன், உனக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை. அவையளுக்கு என்னைத் தெரியாது. மத்தியானம் எல்லாரும் கன்டீனில ஒண்டா இருந்து சாப்பிடுவினம். அங்கதான் எல்லாக் கதையும், எல்லாப் பகிடியும், எல்லாக் குழுவும். நான் அந்த நேரம் அங்க இருக்கிறேல்லை."

அந்த நேரம் அவள் எங்கே இருந்தாள் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. எனக்கு முன்னால் ஆவி பறக்கச் சோறு இருந்தது.

சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொன்னேன்: "நாளையில இருந்து மத்தியானம் நீ வரவேண்டாம்."

"நீங்கள் என்ன சாப்பிடுவியள்?"

"அது என்ரை பாடு."

"அப்பாவுக்கு என்ன சொல்லுறது?"

"கொப்பனை நான் வளத்தனான். அவன் என்னை வளக்கேல்லை."

வீரமாகச் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் மத்தியானம் வந்தபோது வீரம் வயிற்றுக்குள் போய் ஒளிந்துகொண்டது. கீழே கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது. சூப் வாசம் படியேறி வந்தது. ஒருத்தரும் என்னைக் கூப்பிட வரவில்லை. வரமாட்டார்கள், நான்தானே மூன்று நாளும் வேண்டாம் என்றவள். மாடிப்படியின் மேல் படியில் நின்றேன். சண்டைக் காலத்தில் முகாமில் இருந்தபோதும் நான் பிள்ளைகளை வரிசையில் விட்டேனே தவிர, ஒரு வீட்டு வாசலில் போய், "எனக்குச் சாப்பாடு தாருங்கோ" என்று வாயால் கேட்டதில்லை. இப்போது கேட்க வேண்டும். அதுவும் பாஷை தெரியாத இடத்தில்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். குசினி வாசலில் நின்றேன். மேசையில் இருந்த எல்லாரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் சூப் பானையைக் காட்டினேன், என் வயிற்றைக் காட்டினேன். "சீ" என்றேன். அவர்கள் பாஷையில் அது ஓம். ஒருத்தரும் ஒன்றும் கேட்காமலே ஓம் என்று சொல்லிக்கொண்டு நிற்கிற கிழவியைப் பார்த்துப் பையன்கள் சிரிப்பை அடக்கினார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. எழும்பி வந்து, என் இரண்டு கையையும் பிடித்து, தன் தம்பியைத் தோளில் தட்டி எழும்பச் சொல்லி, அவர் இருந்த கதிரையில் என்னை இருத்தினா. அவர் தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நின்றபடி சாப்பிட்டார், பாவம். சூப்பில் உருளைக்கிழங்கும், எங்கள் ஊர்ச் சோளத்தைப் போல இரண்டு மடங்கு பெரிய மணியுள்ள சோளமும், ஒரு பெரிய இறைச்சித் துண்டும் கிடந்தன. என் வாழ்க்கையில் நான் குடித்த சூப்புக்குள் அதுதான் பெரியது. முடிக்க முடிக்க ஊற்றினா. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் சொல் என்ன செய்யும் என்று படித்துவிட்டேன்.

பின்னேரம் பேத்தியிடம் அந்த அம்மா நெஞ்சில் கையை வைத்து நீளமாக ஏதோ சொன்னா. பேத்தி எனக்குத் தமிழில் சொன்னாள். "மேல இருக்கிற சென்யோராவுக்கு என்ரை சமையல் அருவருப்பு எண்டு நினைச்சு ரெண்டு மாசமாக் கவலைப்பட்டனான் எண்டுறா அப்பம்மா. பக்கத்து வீட்டுக்காரிக்கும் சொல்லி அழுதவவாம்." எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. நான் மேலே அவவைக் கோபித்துக்கொண்டு இருக்க, அவ கீழே என்னால் அழுதிருக்கிறா.

அதிலிருந்து அவவுடைய குசினி எனக்கும் குசினி. அந்தச் சொல்லுக்கு அவையளிடமும் கிட்டத்தட்ட அதே சத்தம்தான். மேசை, ரொட்டிக்குச் சொல்லுகிற பாண், காலில் போடுகிற சப்பாத்து, இவையும் அப்படியே. ஸ்பானிஷுக்குச் சொந்தக்காரப் பாஷை பேசுகிற போர்த்துக்கீசர் எங்கள் பக்கம் விட்டுவிட்டுப் போனதாம், பேத்தி சொன்னாள். ஆர் விட்டுப் போனால் என்ன, எனக்கு உதவினது. நான் போஞ்சிக்காயில் நார் உரித்துக் கொடுப்பேன், அவ வெங்காயம் வெட்டுவா. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சேர்ந்து போவோம். பாஷை விளங்காவிட்டாலும் எங்கே முழங்காலில் நிற்பது என்று எனக்குத் தெரியும்தானே. ஒரு நாள் தக்காளி போலச் சிவந்து உருண்டு கிடந்த ஒரு காயை எடுத்துக் கடிக்கப் போனேன். அவ கத்திக்கொண்டு ஓடி வந்து, காரம் காரம் என்று கையால் வாயை விசிறிக் காட்டினா. மன்னார்க்காரிக்கு மிளகாய் காட்டுறாவாம்! கடித்தேன். உள்ளே விதை கறுப்பு. இரண்டு காதாலும் புகை போனது. ஆனால் முகத்தை ஆட்டாமல் மென்று விழுங்கினேன். கண்ணீர் மட்டும் என் சொல் கேட்கவில்லை. அவ பாலைக் கொண்டுவந்து தந்துவிட்டு, மேசையில் தலையை வைத்துச் சிரித்தா.

பேத்தி மத்தியானம் கன்டீனில் இருக்கத் தொடங்கினாள். முதல் நாட்கள் ஓரமாக இருந்தாளாம். பிறகு தலைநகர் லீமாவில் இருந்து வந்து படிக்கிற ஒரு பெண் இவளுடைய சோற்றுப் பெட்டியில் இருந்த பருப்பை ருசி பார்த்துவிட்டுக் கதையைத் தொடங்கினாளாம். அந்தப் பெண்ணின் குழுவில் ஒரு இடம் இருந்தது. "அப்பம்மா, சேர்த்திட்டினம்!" என்று படியில் ஏறாமலே கத்தினாள். கத்திவிட்டு, படியில் இருந்துவிட்டாள். "ஆனால் நாலு இரவு அங்க தங்கோணும். அப்பா..."

அவளிடம் சும்மா இரு என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் மத்தியானம் சாப்பிட்ட பிறகு நானே மகனுக்கு வீடியோவில் அழைத்தேன். அங்கே மத்தியானம் என்றால் லண்டனில் பின்னேரம், கடையில் சனம் நிற்கிற நேரம். மறைத்துச் செய்யலாம் என்று பேத்தி சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை. நான் களவாக ஒன்றும் செய்கிறவள் இல்லை.

"மோனை, பிள்ளை நாலு இரவு மலைக்குப் போறாள். நான் விடப்போறன்."

"அம்மா, உங்களை ஏன் அங்க அனுப்பினது?"

"அவளைப் பாக்க. பாத்தன். பாத்துத்தான் சொல்லுறன்."

"பெடியங்களும் போறாங்களோ?"

"போறாங்கள். ரெண்டு வாத்திமாரும் போகினம். நீ கடைக்குச் சாமான் எடுக்கப் போற வான் வண்டியில ஆர் ஆர் வருகினம் எண்டு நான் கேட்டனானோ?"

"பகிடி விடாதையுங்கோ. நான் ரெண்டு பேருக்கும் டிக்கெட் போடுறன். வந்து சேருங்கோ."

"அப்பிடிச் செய்தால் அவளின்ரை ஒரு வருசம் போகும். அதுக்கு ஆர் பொறுப்பு? நான் இல்லை. அவளும் இல்லை."

அந்த நேரம் வீட்டுக்கார அம்மா என் தோளுக்கு மேலால் முகத்தை நீட்டி, போனைப் பார்த்து, கையை ஆட்டி ஆட்டி ஒரு பிரசங்கமே செய்தா. மகன் முழித்தான்.

"அம்மா, அவ என்ன சொல்லுறா?"

"எனக்கெப்பிடித் தெரியும்? என்ரை பக்கம் போலத்தான் கிடக்கு."

மகன் சிரிக்கவில்லை. "பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிட்டான். அன்று முழுக்கப் பேச்சில்லை. அடுத்த நாள் மருமகள் எடுத்து, "மலையில குளிராமோ? தடிச்ச சொக்ஸ் இருக்கோ அவளிட்டை?" என்று கேட்டாள். அப்போது தெரிந்தது, வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள் என்று. மகன் பின்னால் நின்று, "போனை சார்ஜ் பண்ணிக் கொண்டுபோகச் சொல்லுங்கோ" என்றான். அவனுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். பிடித்த பிடியை விடுவது அவனுக்கு என்ன கஷ்டம் என்று பெற்றவளுக்குத் தெரியும்.

அவள் போன இரண்டாம் நாள் காலை பூமி ஆடியது. அந்த ஊரில் அது அடிக்கடி வருகிற சின்ன ஆட்டமாம். எனக்கு அது சின்னதா? அலுமாரியில் கோப்பைகள் கிலுகிலு என்றன. போனை எடுத்தேன், பேத்திக்குப் போகவில்லை, மலையில் சிக்னல் இல்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். விட்டது நான். மகனிடம் வாயடித்து விட்டது நான். வீட்டுக்கார அம்மா என்னைக் கதவு நிலைக்குக் கீழே இழுத்து நிறுத்தி இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டா. ஆட்டம் நின்றதும் என்னைக் கதிரையில் இருத்தி, தான் செபமாலையை எடுத்தா. அவ தன் பாஷையில் அருள் நிறைந்த மரியே சொல்ல, நான் என் பாஷையில் சொன்னேன். செபமாலையின் ஐந்து பத்தும் சொல்லி முடித்துவிட்டுத்தான் கதிரையை விட்டு எழும்பினேன். பின்னேரம் பேத்தியின் செய்தி வந்தது. அங்கே ஆடினது ஒருத்தருக்கும் தெரியாதாம், எல்லாரும் உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டு நின்றார்களாம்.

திரும்பி வந்தபோது வெயிலில் கறுத்து, மூக்கில் தோல் உரிந்து, சப்பாத்து முழுக்க மண்ணோடு வந்தாள். குழுப் பிள்ளைகள் எல்லாரும் கூடவே வந்தார்கள். வாசலில் நின்று அவள் அவர்களோடு ஸ்பானிஷில் ஏதோ சொல்ல, எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். என் பேத்தி சொல்லி இன்னொரு பாஷைக்காரர் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் அவள் வாங்கின எந்தப் பரிசையும் விட அது எனக்குப் பெரிதாக இருந்தது.

தவணை முடிவில் குழுக்கள் வாத்திமார் முன்னால் பேச வேண்டியிருந்தது. வீட்டார் வரலாம் என்றார்கள். எங்களுக்கு அங்கே வீட்டார் யார்? நானும் அந்த அம்மாவும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தோம். பேத்தி படத்தைக் காட்டிக் காட்டிப் பேசினாள். எங்கே கைதட்டுவது என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா முழங்கையால் இடிக்கிற இடத்தில் எல்லாம் தட்டினேன். ஒரு இடத்தில் அவ இடிக்கவில்லை, கண்ணைத் துடைத்தா. பிறகு கேட்டேன். மலையில் தாங்கள் தங்கின வீட்டுக்காரருக்கு நன்றி சொன்ன இடமாம். பாஸ். நல்ல மார்க்ஸ்.

இப்போது நாங்கள் லண்டனில் இருக்கிறோம். பேத்திக்குப் படிப்பு முடிந்துவிட்டது. அரெக்கிப்பா யூனிவர்சிட்டியில் இன்னும் ஒரு வருசம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. இந்த முறை தனியப் போகிறாள். மகன் ஒரு சொல்லும் மறுத்துச் சொல்லவில்லை, விமான நிலையத்துக்குத் தானே கொண்டுபோய் விடுகிறேன் என்றான். கடையைப் பூட்டிவிட்டு வருவானாம். அவன் கடை பூட்டுகிறது நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும்தான்.

அந்த அம்மாவுக்கு நான் என்ன அனுப்புவது? மிளகாய்த்தூள் அரைத்துக் கட்டியாயிற்று. இருந்தாலும் தூளில் எல்லாவற்றையும் சொல்ல ஏலாதுதானே. என்னைக் கதிரையில் இருத்தினது, பூமி ஆடினபோது இடுப்பைப் பிடித்தது, என் பிள்ளைக்காக என் மகனோடு பாஷை தெரியாமலே சண்டை பிடித்தது, இவற்றுக்கெல்லாம் நன்றி என்று ஒரு சொல் போதாது. அதனால்தான் இவ்வளவு நாளாக இருந்து இதை எழுதினேன். பேத்தி அங்கே போய், அந்தக் குசினி மேசையில் இருந்து, அவவுடைய பாஷையில் இதைச் சொல்ல வேண்டும். ஒன்றும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நான் மிளகாய் கடித்து அழுத இடத்தையும் விடவேண்டாம், அவ சிரிக்கட்டும்.

இஞ்ச வா பிள்ளை, அந்தப் பெட்டி அடுக்கிறதைப் பிறகு பாப்பம். என்ரை கண்ணாடி எங்க எண்டு தேடாதை, நீயே எடுத்து வாசி. முதலில எனக்குத் தமிழில ஒருக்கா வாசிச்சுக் காட்டு. ஆறுதலா, சத்தமா வாசி.